அணில் மயிர்த் தூரிகையும் அரசவைச் சம்பளமும்

முகலாய அரசவை ஓவியர்களைப் பற்றித் தில்லி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். வரலாறு தெரிந்தவர்களும், சிற்றோவியம் தீட்டுகிறவர்களும், பழைய தாள்களைச் செப்பனிடுகிறவர்களும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: ஜன்பத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில், பாபரின் நினைவுக்குறிப்பான பாபர்நாமாவின் ஏடுகளைப் பார்த்துவிட்டு வந்தோம். அக்பர் காலத்துப் படங்களின் அடியோரத்தில் சிவப்பு மையில் இரண்டு மூன்று பெயர்கள் எழுதியிருப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு படத்துக்கு எதற்கு இத்தனை பேர்? எல்லோரும் கையெழுத்துப் போட்டார்களா?
– வாசகி, மயூர் விஹார்

பதில்: அவை ஓவியர்கள் போட்ட கையெழுத்துகள் இல்லை. கிதாப்கானா என்ற அரசவை நூற்கூடத்தின் எழுத்தர் எழுதிய வேலைக் குறிப்புகள். எந்தப் படத்தில் யார் என்ன செய்தார் என்று பதிந்தால்தானே சம்பளமும் வெகுமதியும் கணக்குப் பார்க்க முடியும்? அந்தக் குறிப்புகளில் மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும். 'தர்ஹ்' என்றால் படத்தின் அமைப்பைத் திட்டமிட்டுக் கோட்டுருவம் போட்டவர். 'அமல்' என்றால் வண்ணம் தீட்டி வேலையை முடித்தவர். 'சிஹ்ரா நாமி' என்றால் முக்கியமானவர்களின் முகங்களை மட்டும் எழுதியவர். பெரும்பாலும் மூத்த உஸ்தாத் (ஆசான்) அமைப்பைப் போடுவார், இளையவர் வண்ணம் தீட்டுவார், முகச்சாயல் பிடிப்பதில் தேர்ந்த மூன்றாமவர் கடைசியில் வந்து முகங்களை எழுதிவிட்டுப் போவார்.

வேலையின் அளவைப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் காரணம் விளங்கும். அக்பர் பட்டத்துக்கு வந்த சில ஆண்டுகளில் தொடங்கிய ஹம்சநாமா என்ற கதைநூலில் ஏறக்குறைய 1,400 படங்கள். பருத்தித் துணியில், ஒவ்வொன்றும் சுமார் 67 சென்டிமீட்டர் உயரம், 51 சென்டிமீட்டர் அகலம். முடிக்கச் சுமார் 15 ஆண்டுகள் பிடித்தன. வகுத்துப் பாருங்கள், வாரத்துக்கு இரண்டு படம் வெளியே வந்தாக வேண்டும். ஒரே ஆள் உட்கார்ந்து இழைக்கிற வேலையாக வைத்திருந்தால் நடந்திருக்காது. நீங்கள் பார்த்த பாபர்நாமா 1598-ஐ ஒட்டியது, 140-க்கு மேற்பட்ட படங்கள் கொண்டது. அதுவும் இந்தக் கூட்டு உழைப்புக் காலத்தில் பிறந்ததுதான்.

ஜஹாங்கீர் பட்டத்துக்கு வந்ததும் (1605) இந்த முறை தளர்ந்தது. அவருக்குத் தடிமனான கதைநூல்களைவிடத் தனித்தனி ஏடுகள்தான் பிடித்தன. ஒரு படம், ஓர் ஓவியர் என்பது வழக்கமாயிற்று. ஒரே படத்தில் பல முகங்களைப் பலர் எழுதியிருந்தாலும் எது யாருடையது என்று சொல்லிவிடுவேன், கண்ணை ஒருவரும் புருவத்தை இன்னொருவரும் எழுதியிருந்தால் அதையும் கண்டுபிடிப்பேன் என்று தன் நினைவுக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். புருவத்துக்குத் தனி ஆள் இருக்கக்கூடும் என்று ஓர் அரசருக்குத் தோன்றியிருக்கிறது. அந்தக் கூடத்தில் வேலை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கேள்வி: ஒற்றை மயிர் கொண்ட தூரிகையால்தான் சிற்றோவியம் வரைவார்கள் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், ஆர்.கே. புரம்

பதில்: கடைக்காரர்கள் பெருமைக்குச் சொல்வது. ஒரே ஒரு மயிரில் வண்ணம் நிற்காது. தொட்டு எடுத்துத் தாளில் வைப்பதற்குள் காய்ந்துவிடும். நல்ல தூரிகைக்குப் பல டஜன் மயிர்கள் கொண்ட வயிறு வேண்டும், வண்ணத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது அதுதான். நுனியில் மட்டும் ஓரிரு மயிர்கள் மற்றவற்றைவிடச் சற்றே நீண்டிருக்கும், கோடு போடுவது அவை. 'ஒற்றை மயிர்' என்ற பேச்சு அந்த நுனியைப் பார்த்து வந்தது.

அதைச் செய்கிற விதமே ஒரு கலை. அணில் வால் மயிரைச் சிறு கற்றையாக எடுத்து, நுனி கீழே இருக்கும்படி ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு மெல்லத் தட்டுவார்கள். நுனிகள் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். நீளம் சரியில்லை என்றால் வேர்ப்பக்கத்தில் வெட்டலாம், நுனியில் கத்தரிக்கோல் படவே கூடாது. இயற்கையாகக் கூராகும் நுனியை வெட்டிவிட்டால் அந்தத் தூரிகை இனிக் கோடு போடாது, பூசத்தான் உதவும். பிறகு வேர்ப்பக்கத்தை நூலால் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்ட வேண்டும். புறா இறகின் தண்டைத் தண்ணீரில் ஊறவைத்து, அகன்ற வாய் வழியாக நுனி முன்னால் போகும்படி கற்றையைச் செருகி, குறுகிய வாய் வழியே வேண்டிய அளவு வெளியே வரும்வரை தள்ள வேண்டும். தண்டு காயும்போது சுருங்கித் தானே கவ்விக்கொள்ளும், பசை தேவையில்லை. பின்பக்கம் ஒரு மூங்கில் குச்சியைச் செருகினால் வேலை முடிந்தது. அணில் வால் மயிர் இயல்பாகவே லேசாக வளைந்திருக்கும். மணிக்கட்டை அசைக்காமல் விரல்களால் மட்டும் கண்ணிமையின் வளைவைப் போட அந்த வளைவுதான் துணை.

இன்று இதற்காக யாரும் அணிலைத் தேடிப் போக வேண்டாம். நல்ல செயற்கை இழைத் தூரிகை '000' அளவில் கிடைக்கிறது, பழகுவதற்கு அது போதும். கீரி மயிர்த் தூரிகை என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். கீரி, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற பிராணி. அந்த மயிரில் செய்த தூரிகையை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

கேள்வி: அக்பரின் ஓவியர்களுக்கு என்ன சம்பளம்? நல்ல குடும்பத்தில் பிறந்தவர்களைத்தான் சேர்த்துக்கொண்டார்களா?
– வாசகர், ஜனக்புரி

பதில்: அக்பரின் அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸல், ஆட்சி நடந்த விதத்தைப் பற்றி எழுதிய அய்ன்-இ-அக்பரியில் இதற்குக் குறிப்பு இருக்கிறது. ஓவியத் துறையில் மன்சப்தார்களும் (தரவரிசைப் பதவி பெற்ற அதிகாரிகள்) அஹதிகளும் (அரசரின் நேரடிப் பணியில் இருந்த வீரர்கள்) மற்றப் படைவீரர்களும் பதவி வகித்தார்கள், அவர்களில் காலாட்களின் ஊதியம் 600 முதல் 1,200 தாம் வரை என்கிறது அது. ஓவியர் என்று தனிச் சம்பளப் பட்டியல் இல்லை, படைவீரர்களின் தரவரிசையிலேயே அவர்களையும் வைத்திருந்தார்கள். 40 தாம் ஒரு ரூபாய் என்பதால் மாதம் 15 ரூபாயிலிருந்து 30 ரூபாய். இன்றைய கணக்கில் அது அற்பமாகத் தெரியும். அதே நூலின் விலைப்பட்டியலில் கோதுமை ஒரு மணங்கு 12 தாம். அக்பர் கால மணங்கு சுமார் 25 கிலோ. ஆக, கடைநிலைச் சம்பளத்துக்கே 50 மணங்கு, அதாவது 1,250 கிலோ கோதுமை வாங்கலாம். பட்டினி கிடக்கிற வேலை இல்லை.

வாரந்தோறும் தாரோகாக்களும் (மேற்பார்வையாளர்கள்) எழுத்தர்களும் முடிந்த படங்களை அக்பர் முன் வைப்பார்கள். வேலையின் தரத்தைப் பார்த்து அவர் வெகுமதி கொடுப்பார், சம்பளத்தையும் உயர்த்துவார். வாராவாரம் பரீட்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். மிகச் சிறந்தவர்களுக்குக் கிடைத்த பரிசோ வேறு மாதிரி. பாரசீகத்துக்குப் போன தூதுக்குழுவோடு ஜஹாங்கீர் அனுப்பிய பிஷன்தாஸ், அந்நாட்டு அரசர் ஷா அப்பாஸையும் அவரது அவையினரையும் சாயல் பிசகாமல் எழுதிக்கொண்டு 1620-இல் திரும்பியபோது ஒரு யானையைப் பரிசாகப் பெற்றார்.

குலத்தைப் பற்றிய கேள்விக்குத் தஸ்வந்த் ஒருவரே போதும். பல்லக்குத் தூக்குகிறவரின் மகன். சுவரில் கிறுக்கிக்கொண்டிருந்த பிள்ளையின் கையைப் பார்த்து அக்பர் கூடத்தின் மூத்த ஓவியர் குவாஜா அப்துஸ் ஸமதிடம் ஒப்படைத்தார். சில ஆண்டுகளில் கூடத்திலேயே முதல் வரிசைக்கு வந்துவிட்டார். மகாபாரதத்தின் பாரசீக மொழிபெயர்ப்பான ரஸ்ம்நாமாவுக்கு அவர் போட்ட அமைப்புகளில் இருக்கும் வேகம் இன்றும் கண்ணை இழுக்கிறது. மனம் பேதலித்து 1584-இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அபுல் ஃபஸல் அவரைப் பற்றி எழுதும் சில வரிகளில் ஒரு துயரம் இருக்கிறது, அரசாங்கப் பதிவேட்டில் காணக் கிடைக்காத துயரம்.

கேள்வி: பெண் ஓவியர்கள் இருந்தார்களா?
– வாசகி, முனிர்க்கா

பதில்: இருந்தார்கள். நாதிரா பானு, சஹீஃபா பானு, நினி என்ற பெயர்கள் ஏடுகளில் கிடைக்கின்றன. நாதிரா பானு, ஹிராத் மரபில் வந்த ஆகா ரிஸாவின் மாணவி. ஐரோப்பியச் செதுக்குப் படங்களைப் பார்த்து அவர் வரைந்தவை, இன்று தெஹ்ரானில் இருக்கும் குல்ஷன் தொகுப்பில் உள்ளன.

கேள்வி: ஒன்றரை ஆண்டாகச் சிற்றோவியம் பழகுகிறேன். கல் வண்ணத்தைப் பிசினில் குழைத்துத் தீட்டி, அகீக் கல்லால் (மெருகேற்றும் வழவழப்பான கல்) தேய்க்கும்போது சில இடத்தில் வண்ணம் வெடிக்கிறது, சில இடத்தில் தூளாக உதிர்கிறது. வாஸ்லித் தாளும் உப்பிக்கொள்கிறது. எங்கே தவறு?
– வாசகி, ரோகிணி

பதில்: மூன்றும் வெவ்வேறு தவறுகள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் தாள். வாஸ்லி என்பது மூன்று நான்கு கைத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்யும் அட்டை. உப்புகிறது என்றால் ஒட்டும்போது உள்ளே காற்று சிக்கியிருக்கிறது, அல்லது பசை சில இடத்தில் எட்டவில்லை. மைதாப் பசையைக் கட்டியில்லாமல் காய்ச்சி, துணியில் வடிகட்டி, மோர் பதத்துக்கு ஆறவிடுங்கள். இரண்டு தாளையும் ஈரத்துணியால் ஒற்றி ஒரே அளவு ஈரமாக்கிய பிறகே பசை பூச வேண்டும். காய்ந்த தாளும் ஈரத்தாளும் சேர்ந்தால் ஒன்று விரியும், மற்றது விரியாது, அட்டை அப்பளம் போல வளையும். நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுங்கள். பிறகு சமமான பலகைகளுக்கிடையே பாரம் வைத்து, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தில்லிக் காற்றில் நான்கு நாள்கூட ஆகும், அவசரப்பட்டு மின்விசிறிக்குக் கீழே வைக்காதீர்கள். பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) சேர்ப்பது பழைய வழக்கம். கடுகளவுக்கு மேல் போனால் அந்தச் செம்பே வருடக் கணக்கில் தாளைப் பழுப்பாக்கி நொறுங்க வைத்துவிடும். எங்களைக் கேட்டால், வீட்டில் பழகுகிறவர்கள் அதைப் போடாமலே இருக்கலாம்.

அடுத்தது பிசின். வெடிக்கிற இடத்தில் பிசின் அதிகம், உதிர்கிற இடத்தில் குறைவு. முதலில் நீங்கள் வாங்கியது எந்தப் பிசின் என்று பாருங்கள். பழைய தில்லிச் சந்தையான காரி பாவ்லியில் 'கோந்த்' என்று கேட்டால் சிலர் கோந்த் கதீராவைக் கொடுத்துவிடுவார்கள். அது நம் ஊர் பாதாம் பிசின் போலத் தண்ணீரில் ஊதிக் கூழாகும், கரையாது. உங்களுக்கு வேண்டியது கருவேலம் பிசின், 'பபூல் கா கோந்த்' என்று கேளுங்கள். ஒரு பங்கு பிசினுக்கு இரண்டு பங்கு வெந்நீர் ஊற்றி, இரவு முழுக்க ஊறவைத்து, மல்துணியில் வடிகட்டுங்கள். அரைத்த வண்ணத்தில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு வாஸ்லியில் பூசிக் காயவிட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் ஒட்டினால் இன்னும் ஒரு சொட்டு. காய்ந்தபின் பளபளத்தாலோ, தாளை லேசாக வளைத்ததும் கீறல் விட்டாலோ அளவு கடந்துவிட்டது என்று பொருள், வெறும் வண்ணப் பொடியைச் சேர்த்துச் சரிசெய்யுங்கள். எல்லா வண்ணத்துக்கும் ஒரே அளவு பிசின் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும். காவி ஒரு அளவு கேட்கும், மலக்கைட் பச்சை வேறு அளவு கேட்கும்.

மூன்றாவது, தேய்க்கும் முறை. வண்ணத்தின் மேலேயே அகீக்கை வைத்துத் தேய்க்கிறீர்கள் போலிருக்கிறது. படத்தைக் குப்புறக் கவிழ்த்து, சுத்தமான கண்ணாடி அல்லது வழவழப்பான சலவைக்கல் மேல் வைத்துப் பின்பக்கத்தைத்தான் தேய்க்க வேண்டும். மேலே இருக்கும் வண்ணம் கண்ணாடியில் அழுந்தி மழமழப்பாகும், கீறல் விழாது. அடியில் ஒரு மணல் துகள் கிடந்தாலும் அது படத்தில் பள்ளம் போட்டுவிடும் என்பதால் கண்ணாடியை ஒவ்வொரு முறையும் துடையுங்கள். முழுக்கக் காயாத வண்ணம் கண்ணாடியில் ஒட்டி உரிந்து வரும், அதனால் தீட்டிய அன்றே தேய்க்காதீர்கள். பொன் பூசிய இடத்தை மட்டும் முன்பக்கத்திலேயே மெருகேற்றலாம்.

அரசவைக் கூடத்தில் வேலை போன வரிசையையும் சொல்லிவிடுகிறோம், உங்கள் பயிற்சிக்கு உதவும். சிவப்புக் காவியிலோ நீர்த்த கருமையிலோ முதல் கோட்டுருவம். அதன்மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு, அடியில் உள்ள கோடு மங்கலாகத் தெரிகிற அளவுக்கு மட்டும். அந்த மங்கலைப் பார்த்து இரண்டாம் முறை திருத்தமான கோடு. ஒருமுறை கவிழ்த்துத் தேய்ப்பு. பிறகு வானம், தரை, கட்டடம், உடை என்று பெரிய பரப்புகளுக்குத் தட்டை வண்ணம், ஒரே கனத்த பூச்சாக இல்லாமல் பால்போல மெல்லிய பல பூச்சுகளாக, நடுநடுவே தேய்ப்போடு. மேல்பூச்சு போடும்போது தூரிகையை ஒரே இடத்தில் இரண்டு முறை ஓட்டினால் அடிவண்ணம் கரைந்து கலங்கும். அடுத்தது பர்தாஸ், அதாவது புள்ளிகளும் மயிரிழைக் கோடுகளும் வைத்து நிழல் ஏற்றுவது. கன்னத்தின் உருட்சி, தாடியின் ஒவ்வொரு இழை எல்லாம் இங்கேதான் பிறக்கின்றன. கடைசியாகப் பொன்னும் நகையும். முத்து என்பது கெட்டியான வெள்ளையில் வைத்த ஒரு சொட்டு, அது தாளிலிருந்து மேடாக நிற்கும். ஏற்கெனவே உள்ள படத்திலிருந்து உருவத்தை எடுக்க மான்குட்டியின் தோலைக் கண்ணாடி போலச் சீவி அதில் படியெடுத்து, ஊசியால் குத்தி, கரிப்பொடி கட்டிய துணியால் தட்டுவார்கள். நம் வீட்டு வாசலில் அச்சுக் கோலத்தட்டு வைத்துக் கோலப்பொடி தூவுவது போலத்தான். இன்று பட்டர் பேப்பர் போதும்.

கேள்வி: படங்களில் ஆறும் குளமும் ஏன் கன்னங்கரேல் என்று இருக்கின்றன? சில முகங்களிலும் சாம்பல் படர்ந்திருக்கிறதே?
– வாசகர், கரோல்பாக்

பதில்: ஓவியர் தண்ணீரை வெள்ளியால் தீட்டினார். வரைந்த அன்று அது நிலவொளி பட்டது போல மினுங்கியிருக்கும். காற்றிலுள்ள கந்தகம் பட்டு வெள்ளி கறுப்பது நம் வீட்டுக் குத்துவிளக்குத் தட்டிலும் கொலுசிலும் பார்ப்பதுதான், பாத்திரத்தைத் துலக்குவது போல ஓவியத்தைத் துலக்க முடியாதே! முகத்தில் கறுப்பு விழுவதும் கந்தகத்தின் வேலைதான். அன்றைய வெள்ளை ஈய வெள்ளை, கந்தகம் பட்டால் அது கறுப்பான ஈய சல்பைடாக மாறிவிடும். மறுபடி வெளுக்க வைக்கச் செப்பனிடும் நிபுணர்களிடம் வழி இருக்கிறது, வீட்டில் முயல வேண்டாம். சில பச்சைப் பட்டைகளைச் சுற்றித் தாள் பழுப்பாகி ஓட்டை விழுந்திருப்பதையும் பார்த்திருப்பீர்கள். செம்புத் தகட்டில் புளிப்பேற்றி எடுத்த ஜங்கார் பச்சை அது, தாளையே அரித்துத் தின்னும். பொன் மட்டும் நானூறு ஆண்டுகளாகியும் அப்படியே இருக்கிறது.

கேள்வி: அந்த ஆழ்ந்த நீலம் எதிலிருந்து வந்தது? வண்ணங்களில் விஷம் உண்டு என்கிறார்களே?
– வாசகர், துவாரகா

பதில்: ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் சுரங்கங்களில் கிடைக்கும் லாஜ்வர்த் கல், அதாவது லாபிஸ் லசூலி. இதில் ஒரு சிக்கல். கல்லை அப்படியே அரைத்தால் நீலம் வராது, சாம்பல் வரும். நீலத்தோடு வெள்ளைக் கால்சைட்டும் பொன்னிறப் பைரைட்டும் கலந்திருப்பதுதான் காரணம். அரைத்த பொடியை மெழுகு, குங்கிலியம், எண்ணெயோடு மாவு போலப் பிசைந்து வைத்து, சில நாள் கழித்து லேசான காரநீரில் பிசைவது ஒரு பழைய முறை. நீலத்துகள் மட்டும் நீரில் இறங்கும், அழுக்கு மெழுகிலேயே தங்கிவிடும். முதல் பிசைவில் வருவது மிக ஆழமான நீலம், அடுத்தடுத்து வெளிறிக்கொண்டே போகும். மலிவான வேலைக்கு அவுரி நீலம் இருந்தது.

விஷம் உண்டு, அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மஞ்சளுக்குப் பயன்பட்ட அரிதாரம் ஆர்செனிக் சல்பைடு. சாதிலிங்கச் சிவப்பில் பாதரசம், வெள்ளையில் ஈயம். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். அரிதாரத்தை ஈய வெள்ளையோடும் ஜங்காரோடும் சேர்க்கவும் கூடாது, நாளடைவில் கறுத்துவிடும். பழைய உஸ்தாத்களின் படங்களில் சில வண்ணங்கள் ஒன்றையொன்று தொடாமல் ஒதுங்கி நிற்பதற்கு இந்த அனுபவ அறிவும் ஒரு காரணம்.

கேள்வி: ஜஹாங்கீரின் அவை ஓவியர் மன்சூர் வரைந்த பறவைகள் அச்சு அசலாக இருக்கின்றனவே, உயிருள்ளவற்றைப் பார்த்தே வரைந்தாரா?
– வாசகர், வசுந்தரா என்க்ளேவ்

பதில்: பல படங்கள் அப்படித்தான். 1612-இல் கோவாவிலிருந்து வான்கோழி முதலான விசித்திரப் பிராணிகள் வந்தபோது, பாபர் பிராணிகளை எழுத்தில் வருணித்தாரே தவிர ஓவியர்களை வரையச் சொல்லவில்லை, நான் இரண்டையும் செய்கிறேன் என்று ஜஹாங்கீர் எழுதினார். 1621-இல் ஒரு வரிக்குதிரை வந்தது. யாரோ குதிரைக்குக் கோடு பூசி ஏமாற்றுகிறார்கள் என்று அவையில் சந்தேகம் எழுந்து, ஆராய்ந்து பார்த்த பிறகுதான் நம்பினார்கள். அதை மன்சூர் வரைந்தார், ஜஹாங்கீரே கைப்பட அதில் குறிப்பு எழுதியிருக்கிறார். 'நாதிருல் அஸ்ர்', யுகத்தின் அற்புதம் என்பது மன்சூருக்கு அவர் தந்த பட்டம். 1620-இல் காஷ்மீரில் நூற்றுக்கும் மேற்பட்ட மலர்களை மன்சூர் எழுதினார் என்றும் பதிந்திருக்கிறார்.

மன்சூரின் படங்களில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால் சைபீரியக் கொக்கைச் சொல்வோம். கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளைப் பறவை ஒன்றை எழுதுவது எவ்வளவு கடினம் என்பது தூரிகை பிடித்தவர்களுக்குத் தெரியும். காலின் செதிலைக்கூட விட்டுவைக்காமல், வெள்ளைக்குள் வெள்ளையாக இறகுகளைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்.

கேள்வி: தஞ்சாவூர் ஓவியத்திலும் பொன் இருக்கிறது, இதிலும் பொன் இருக்கிறது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு?
– வாசகி, மயூர் விஹார்

பதில்: தஞ்சாவூரில் பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் குழைத்த கலவையால் மேடு எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கைத் தகடாகவே ஒட்டுகிறோம். முகலாய ஓவியர் ரேக்கைத் தேனோ பிசினோ விட்டு விரலால் அரைத்து, கழுவி, பொன் மையாக்கித் தூரிகையால் எழுதினார். தஞ்சாவூர்ப் படம் பூஜையறை விளக்கொளியில் நாலடி தள்ளி நின்று கும்பிடுவதற்கானது. முகலாய ஏடு கையில் ஏந்தி, கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்ப்பதற்கானது. எனவே இரண்டையும் எடைபோட்டு எது உயர்ந்தது என்று கேட்பது பொருந்தாது.

கேள்வி: பழைய தில்லியில் ஒரு கடையில், பாரசீக எழுத்துள்ள பழைய தாளில் வரைந்த படம் ஒன்றை முந்நூறு வருடத்தது என்று சொன்னார்கள். தந்தத்தில் வரைந்ததும் காட்டினார்கள். வாங்கலாமா?
– வாசகர், ஜனக்புரி

பதில்: தந்தத்தை முதலில் கீழே வையுங்கள். இந்தியாவில் தந்த வணிகத்துக்குத் தடை இருக்கிறது. பழையதோ புதியதோ, அதை வாங்கிச் சிக்கலில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பழைய தாளில் படம் என்பது பெரும்பாலும் கிழிந்த கையெழுத்துப் பிரதியின் ஏட்டில் இந்தக் காலத்தில் தீட்டியதாக இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை எடுத்துப் போங்கள். எழுத்து வண்ணத்துக்கு அடியில் புகுந்து ஓடுகிறதா? பழைய ஏட்டில் படத்துக்கென்று இடம் விட்டுத்தான் எழுதுவார்கள், எழுத்தின்மேல் படம் வராது. பூச்சி துளைத்த ஓட்டையின் உள்விளிம்பில் வண்ணம் இறங்கியிருக்கிறதா? அப்படியானால் ஓட்டை முதலில் விழுந்திருக்கிறது, வண்ணம் பிறகு வந்திருக்கிறது. மடிப்பின் மேட்டில் வண்ணம் உதிராமல் முழுசாக இருந்தாலும் அதே கதை. லென்ஸில் ஒழுங்கான சிறு புள்ளி வரிசை தெரிந்தால் அது அச்சு. ஆய்வகத்தில் பார்க்க முடிந்தால் டைட்டேனியம் வெள்ளை காட்டிக்கொடுக்கும், 20-ஆம் நூற்றாண்டுக்கு முன் எந்த ஓவியரிடமும் அது கிடையாது. செயற்கை அல்ட்ராமரைன் நீலமும் 1828-க்குப் பிறகு வந்ததுதான்.

படம் உண்மையாகவே பழையதாக இருந்தால் சட்டம் உண்டு. நூறாண்டு கடந்த ஓவியம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. விற்பவரிடம் உரிமமும் பொருளுக்குப் பதிவுச் சான்றும் கேளுங்கள். இல்லை என்றால், அழகான புதுப் படம் என்ற விலைக்கு மட்டும் மதித்து வாங்குங்கள். இன்றைய கைவினைஞரின் உழைப்பு அதிலும் இருக்கிறது, பொய் வயது தேவையில்லை.

கேள்வி: ஔரங்கசீப்புக்குப் பிறகு இந்த ஓவியர்கள் என்ன ஆனார்கள்? தில்லியில் யாருமே மிஞ்சவில்லையா?
– வாசகர், ஆர்.கே. புரம்

பதில்: ஆதரவு குறையக் குறைய ராஜஸ்தான் சமஸ்தானங்களுக்கும் இமயமலை அடிவார அரசுகளுக்கும் பலர் பிழைப்புத் தேடிப் போனார்கள். அந்த ஊர்களின் ஓவியங்களில் முகலாயக் கையின் மென்மை தென்படுவது இதனால்தான். முஹம்மத் ஷா காலத்தில் (1719–48) தில்லியில் மறுபடி கொஞ்சம் உயிர் வந்தது. 1739-இல் பாரசீக அரசன் நாதிர் ஷா நகரைச் சூறையாடினான்.

ஆனாலும் மரபு அறுந்துபோகவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் குலாம் அலி கான் கடைசி முகலாயர்களின் அவையையும் செங்கோட்டையையும் எழுதினார், ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் வரைந்து கொடுத்தார். மஸ்ஹர் அலி கான் வரைந்த தில்லிக் கட்டடங்களின் படங்கள் 1844-இல் ஆங்கிலேய அதிகாரி தாமஸ் மெட்காஃப் தொகுத்த ஆல்பத்தில் உள்ளன. 1857-க்குப் பிறகு இடிந்துபோன பல கட்டடங்கள் எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ள இந்தப் படங்களைத்தான் இன்றும் புரட்ட வேண்டியிருக்கிறது.

கேள்வி: என்னிடம் உள்ள ஒரு சிற்றோவியத்தைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும். தில்லி வெயிலுக்கும் மழைக்கும் எப்படிக் காப்பது?
– வாசகி, கரோல்பாக்

பதில்: கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. மழைக்காலத்தில் கண்ணாடியின் உள்பக்கம் வியர்க்கும், பிசின் இளகி வண்ணம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது முகமே கையோடு வந்துவிடும். நடுவே அமிலமற்ற அட்டையில் சாளரம் வெட்டி வைக்கச் சொல்லுங்கள். செல்லோடேப்பும் ஃபெவிகாலும் படத்தின் பக்கத்திலேயே வரக் கூடாது. மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு மெல்லிய கைத்தாள் கீல்களை மாவுப் பசையால் ஒட்டித் தொங்கவிட்டால் தாள் சுருங்கவும் விரியவும் இடம் இருக்கும். வெளிச்சுவரிலும் குளியலறைச் சுவரிலும் கூலர் காற்று அடிக்கும் இடத்திலும் மாட்டாதீர்கள், கூலர் தள்ளுவது ஈரக்காற்று. அருங்காட்சியகங்கள் தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் விடுவதில்லை, வீட்டில் அது ஒரு மங்கலான மூலை. வருடத்தில் சில மாதம் சுவரில் இருக்கட்டும், மற்ற மாதங்களில் அமிலமற்ற உறையில் போட்டு, ஈரம் ஏறாத அலமாரியில் படுக்கை வாக்கில் வையுங்கள். செப்டம்பர் முடிந்ததும் எடுத்துப் பின்பக்கம் பூஞ்சணப் புள்ளி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால் துடைக்காதீர்கள், தனி உறையில் போட்டு ஒரு தாள் செப்பனிடும் நிபுணரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.